உறுமலின் கணக்கு

இறைச்சிக்கடை வாசலில் காத்துக் கிடக்கும் தெருநாய்களைக் கவனித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கடைக்காரர் வீசிய எலும்பை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓரமாகப் போகும். இன்னொன்று மெல்ல நெருங்கும். முதல் நாய் எலும்பின்மேல் முன்காலை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டும். பிடரிமயிர் குத்திட்டு நிற்கும். அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் எழும்பும். வந்த நாய் சற்று நிற்கும், வேறெங்கோ பார்ப்பதுபோல் பாவனை செய்யும், பிறகு வந்த வழியே போய்விடும். கடியும் இல்லை, கீறலும் இல்லை. பஞ்சாயத்து முடிந்தது.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோம். அது நமக்கே தெரியும்போது, நாயோடு நாயாக வாழும் இன்னொரு நாய்க்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் பின்வாங்குகிறது? கூடவே இன்னொன்று. எலும்பு வேண்டும், வாய் நிறையப் பல்லும் இருக்கிறது. பிறகு எதற்காகச் சத்தத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்?

மிரட்டலைப் பற்றிய உயிரியல் ஆய்வு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. ஏன் கடிப்பதில்லை? கடிக்காதபோதும் ஏன் நம்புகிறார்கள்? முதல் கேள்விக்கு உருப்படியான விடை 1973இல் கிடைத்தது. இரண்டாவதுதான் சுவையானது. அதற்காக ஆய்வாளர்கள் தேரையின் வாயில் ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறார்கள், குளவியின் முகத்தில் சாயம் பூசியிருக்கிறார்கள்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஆஸ்திரியர் கான்ராட் லோரன்ஸ், 1963இல் ஆக்ரோஷத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற புத்தகம் எழுதினார். ஒரே இனத்து விலங்குகள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தால் இனமே அழிந்துவிடும், ஆகவே சண்டையைச் சடங்காக்கி வைத்திருக்கின்றன என்பது அவர் விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் ஓட்டை உண்டு. கூட்டத்தில் எல்லாரும் இன நலனுக்காக அடங்கியிருக்கும்போது ஒருவன் மட்டும் கடித்துப் பறிப்பவனாகப் பிறந்தால் என்ன ஆகும்? எலும்பெல்லாம் அவனுக்கு. குட்டிகளும் அவனுக்கே அதிகம். சில தலைமுறைகளில் கூட்டம் முழுக்க அவன் வம்சமாகிவிடும். இனத்தின் நன்மை என்பது இயற்கைத் தேர்வு கவனிக்கும் கணக்கு அல்ல.

இந்த ஓட்டையை அடைத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் பிரைஸ். வேதியியல் படித்த அமெரிக்கர், 1967இல் லண்டனுக்கு வந்து குடியேறியவர். உயிரியலில் முறையான பயிற்சி எதுவும் இல்லை. மான்களுக்குக் கூர்மையான ஒற்றைக் கொம்பு இல்லாமல், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கிளைக்கொம்பு ஏன் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் எழுதிய நீண்ட கட்டுரை, மதிப்பீட்டுக்காக ஜான் மேனார்ட் ஸ்மித்திடம் போனது. ஸ்மித் ஒரு காலத்தில் விமானப் பொறியாளர், பிறகு உயிரியலாளர். ஜே.பி.எஸ். ஹால்டேனின் மாணவர். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, புவனேஸ்வரத்தில் மறைந்தாரே, அதே ஹால்டேன்தான். கட்டுரையைப் படித்த ஸ்மித்துக்கு அதன் அருமை உடனே புரிந்தது. இருவரும் சேர்ந்து 1973இல் ‘நேச்சர்’ இதழில் விலங்குச் சண்டையின் தர்க்கம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள்.

அவர்களுடைய கருத்தைப் புரிந்துகொள்ள, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பழைய ஆற்றுப்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரம். இரு பக்கமும் ஒவ்வொரு லாரி. இரண்டு டிரைவருக்கும் அவசரம். நம் ஊரில் முகப்பு விளக்கை விட்டுவிட்டு அடித்தால் “நான் வருகிறேன், நீ நில்” என்று பொருள். இருவரும் அடிக்கிறார்கள். யாரும் நிற்காவிட்டால் நடுப்பாலத்தில் மோதல். முதலில் போவதால் மிச்சமாவது 5 நிமிடம், மோதினால் போவது லாரியும் உயிரும். ஊரிலுள்ள டிரைவர்கள் எல்லாரும் விட்டுக்கொடுப்பவர்களாக இருந்தால் ஒரு முரடனுக்குக் கொண்டாட்டம். எல்லாருமே முரடர்கள் என்றால் விட்டுக்கொடுப்பவன்தான் முழு லாரியோடு வீடு போய்ச் சேருவான். அதாவது எந்த உத்தி நல்லது என்பது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பிரைஸும் ஸ்மித்தும் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். போட்டியாளர்களுக்குப் பெயர்களும் வைத்தார்கள். எப்போதும் முழுபலத்தோடு தாக்குவது பருந்து. ஒருபோதும் காயப்படுத்தாமல், தாக்கப்பட்டால் ஓடுவது எலி. முதலில் தானே பாய்ந்து, எதிராளி திருப்பி அடித்தால் நழுவிவிடுவது ஒன்று. அதை நாம் சண்டியர் எனலாம். தானாக அடிக்காமல், அடித்தால் மட்டும் திருப்பி அடிப்பவர் பதிலடிக்காரர். எலிகள் நடுவே சண்டியர் ராஜாவாக வாழ்ந்தார். பதிலடிக்காரர்கள் நிறைந்த ஊரில் அவர் பாச்சா பலிக்கவில்லை. பருந்துகள் ஒன்றையொன்று குதறித் தள்ளின. மொத்தத்தில் நன்றாகப் பிழைத்தவர் பதிலடிக்காரர்தான். இன நலன், தியாகம் எதையும் இழுக்காமல், ஒவ்வொருவரும் தன் லாபத்தை மட்டும் பார்த்தாலே அடக்கமான சண்டை பிறக்கும் என்று இதிலிருந்து தெரிந்தது. எல்லாரும் ஓர் உத்தியைக் கையாளும்போது வேறு உத்தி எதுவும் உள்ளே நுழைந்து பிழைக்க முடியாது என்றால், அதைப் ‘பரிணாமத்தில் நிலைத்த உத்தி’ என்கிறார்கள்.

இந்தக் கணக்கு சரியென்றால், காயத்தின் விலை பரிசைவிடக் குறைவாக இருக்கும் இடத்தில் மிரட்டலுக்கு வேலையே இருக்கக் கூடாது. அப்படி ஓர் இடம் இருக்கிறது. சில அத்திக்குளவி இனங்களில் ஆண்களுக்கு இறக்கை இல்லை. பிறந்த பழத்துக்குள்ளேயே பெண்ணோடு சேர்ந்து அங்கேயே செத்துப்போகும். பழத்துக்கு வெளியே அவற்றுக்கு வாழ்க்கை கிடையாது, தவறவிட்டால் மறுவாய்ப்பும் கிடையாது. அந்த ஆண்கள் உறுமுவதுமில்லை, முறைப்பதுமில்லை. நேராகக் கடித்துத் துண்டாடுகின்றன. பரிணாம உயிரியலாளர் டபிள்யூ.டி. ஹாமில்டன் பிரேசிலில் அத்திப்பழங்களைப் பிளந்து பார்த்தபோது உள்ளே போர்க்களமே கிடந்தது. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னது வேறு காரணத்துக்காக என்றாலும், எச்சரிக்கை பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. பாலத்தில் விளக்கு அடிக்க எவ்வளவு செலவு? ஒன்றுமில்லை. ஓட்டை லாரிக்காரனும் அடிக்கலாம், பயந்தாங்கொள்ளியும் அடிக்கலாம். எல்லாரும் அடிக்கும்போது விளக்குக்குப் பொருளே இருக்காது, யாரும் அதை நம்ப மாட்டார்கள். விலங்குகளின் மிரட்டலும் இப்படித்தான் செல்லாக்காசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏன்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாகச் செம்மான்களைத் தனித்தனியே அடையாளம் வைத்துக் கவனித்து வருகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் இணைசேரும் காலம். பெண்மான் கூட்டத்தை வளைத்து வைத்திருக்கும் ஓர் ஆணை இன்னோர் ஆண் தேடி வரும். இருவரும் எடுத்த எடுப்பில் மோதுவதில்லை. தொலைவிலிருந்தே ஒருவர் முழங்குவார், மற்றவர் பதிலுக்கு முழங்குவார். வேகம் கூடும். பல சமயம் இதோடு வந்தவர் போய்விடுவார். போகாவிட்டால் இருவரும் பக்கவாட்டில் இணையாக முன்னும் பின்னும் நடப்பார்கள், ஒருவரையொருவர் அளவெடுப்பதுபோல. அதிலும் தீராவிட்டால்தான் கொம்பு பூட்டிக்கொள்ளும் சண்டை. சண்டையை லேசாக எண்ண வேண்டாம். ஒரு பருவத்தில் கூட்டம் வைத்திருக்கும் ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஏதாவது காயம் படுகிறது. கண் போவதும் கால் ஒடிவதும் உண்டு.

டிம் க்ளட்டன்-பிராக்கும் ஸ்டீவ் ஆல்பனும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முழக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். முழக்கம் உண்மையிலேயே அடுத்தவருக்கான செய்திதானா, அல்லது உற்சாகத்தில் போடும் கூச்சலா? கண்டுபிடிக்க ஒரே வழி, மானை எடுத்துவிட்டு முழக்கத்தை மட்டும் வைப்பது. ஒலிப்பெருக்கியில் முழக்கத்தை ஓடவிட்டார்கள். கூட்டத்துக்குச் சொந்தக்காரரான மான் ஒலிப்பெருக்கிக்குப் பதில் சொன்னது. வேகமாக ஓடவிட்டால் அதுவும் தன் வேகத்தைக் கூட்டியது. முழக்கத்துக்கு மார்புத் தசைகள் நன்றாக உழைக்க வேண்டும், கொம்புச் சண்டைக்கும் உடலில் அதே தெம்புதான் வேண்டும். வாரக்கணக்கில் சரியாக மேயாமல் இளைத்துப்போன மானால் நிமிடத்துக்குப் பலமுறை முழங்கிக்கொண்டே இருக்க முடியாது. நன்றாக முழங்குகிறவர் நன்றாகச் சண்டையிடுகிறவராகவும் இருந்தார்.

முழக்கத்தின் கனத்தில் இன்னும் நுட்பமான ஒரு சங்கதி இருந்தது. 2001இல் டெகம்சே ஃபிட்ச், டேவிட் ரெபி இருவரும் ஆண் செம்மானின் குரல்வளை கழுத்தில் வழக்கத்தைவிடத் தாழ்ந்து கிடப்பதையும், முழங்கும்போது அது இன்னும் கீழே இழுக்கப்படுவதையும் விவரித்தார்கள். குரல்வளை இறங்கினால் வாய்வரை ஒலி பயணம் செய்யும் பாதை நீள்கிறது. பாதை நீண்டால் ஒலி கனக்கிறது, கேட்பவருக்குப் பெரிய உடம்பின் குரல்போலத் தோன்றுகிறது. இது சுத்தமான ஏமாற்று வேலை அல்லவா? தொடக்கத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முதன்முதலில் குரல்வளையை இறக்கக் கற்ற மானுக்கு நல்ல லாபம். ஆனால் லாபம் தருவது பரவும். எல்லா ஆண்களும் இறக்க ஆரம்பித்தார்கள், இன்னும் இன்னும் கீழே. கடைசியில் குரல்வளை மார்பெலும்பில் போய் முட்டியது. அதற்கு மேல் இடமில்லை. இன்று எல்லாரும் எலும்பு முட்டும்வரை இறக்குகிறார்கள். ஆகவே, யாருடைய கழுத்து உண்மையிலேயே நீளமோ அவர் குரல்தான் கனக்கிறது. ஏமாற்றாகத் தொடங்கியது, எல்லாரும் ஏமாற்றியதாலேயே நம்பத்தக்க அளவுகோலாகிவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. பிறகு 2005இல் ரெபியின் குழு கணினியில் முழக்கங்களைத் திருத்தி, பெரிய மானின் குரலாகவும் சிறிய மானின் குரலாகவும் ஓடவிட்டது. பெரிய குரலைக் கேட்ட ஆண்கள் அதிகமாகப் பதில் முழங்கின, தங்கள் குரல்வளையையும் கூடுதலாக இழுத்து இறக்கின.

உடலின் அமைப்பே பொய் சொல்ல விடாத இத்தகைய மிரட்டலை ‘நேர்மைச் சமிக்ஞை’ என்கிறார்கள். இதன் மிக எளிய சோதனை தேரைகளில் நடந்தது. ஐரோப்பியத் தேரைகளில் பெண்ணின் முதுகில் ஏறிக்கொண்ட ஆணைத் தள்ளிவிட வேறு ஆண்கள் வரும். மேலே இருப்பவர் கத்துவார். பெரிய தேரைக்குக் கனத்த குரல், சிறியதற்குக் கீச்சுக்குரல். நிக் டேவிஸும் டிம் ஹாலிடேயும் 1978இல், மேலே இருந்த ஆணின் வாயில் மெல்லிய ரப்பர் வளையத்தைக் கடிவாளம்போல மாட்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த ஒலிப்பெருக்கியில் வேறு தேரையின் குரலைப் போட்டார்கள். கனத்த குரல் வந்தபோது தாக்குதல்கள் குறைந்தன. ஆனால் குரல் மட்டுமே முடிவுசெய்யவில்லை. கிட்டே வந்து உதைபட்ட ஆண்கள் உதையின் பலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டன.

இதுவரை பார்த்ததெல்லாம் பலத்தைக் காட்டும் மிரட்டல். பாலத்தில் எதிரே வருவது பெரிய லாரியா சின்ன லாரியா என்பது மட்டும் கேள்வி. ஆனால் சின்ன லாரியை ஓட்டுகிறவன் எதற்கும் துணிந்தவன் என்றால்? பெரிய லாரிக்காரனும் ஓரம் கட்டுவான். விலங்குகளில் இந்தத் துணிவை அறிவிக்கும் மிரட்டலும் உண்டு. அதை நம் பாகர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. மதம் பிடித்த யானை.

ஆண் யானைக்கு மதம் பிடிக்கும்போது கன்னப்பொறியிலிருந்து மதநீர் ஒழுகும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தலையை உயர்த்தி நடக்கும். முதுமலையிலும் டாப்சிலிப்பிலும் உள்ள முகாம்களில் மதக் காலத்தில் அதைத் தனியே சங்கிலியிட்டு வைப்பார்கள். ஆசிய யானைக்கு மதம் உண்டென்று நம் மண்ணில் காலங்காலமாகத் தெரியும். ஆப்பிரிக்க யானைக்கு அப்படி ஒன்று இல்லையென்றே ஆய்வாளர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். கென்யாவின் அம்போசெலியில் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் காட்டு யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு தொடர்ந்து பார்த்த பிறகு, 1981இல்தான் அங்கேயும் மதம் உண்டென்று எழுதினார்கள்.

மதம் வெறும் கிறுக்கு அல்ல என்பதைப் பூல் தொடர்ந்து காட்டினார். சாதாரண நாட்களில் யானைகளுக்குள் பெரியவருக்குச் சிறியவர் வழிவிடுவார். சிறியவருக்கு மதம் வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. மதமில்லாத பெரிய யானை, மதமுள்ள சிறிய யானைக்கு வழிவிட்டுப் போகிறது. அப்போது அந்தச் சிறியவரின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பலமடங்கு ஏறியிருக்கிறது. சண்டையென்றால் பின்வாங்காது. பெரியவருக்கும் அது தெரியும். பூல் மதக் குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பியும் பார்த்தார். மதமில்லாத ஆண்கள் விலகிப் போயின. மதத்திலிருந்த ஆண்களோ சண்டைக்குத் தயாராக ஒலிப்பெருக்கியை நோக்கி வந்தன.

அப்படியானால் எல்லா யானைகளும் ஆண்டு முழுக்க மதத்தில் இருக்கலாமே? இருக்க முடியாது. மதத்திலிருக்கும் யானை குறைவாக உண்டு, அதிகம் அலைந்து, மெலிந்துகொண்டே போகும். நல்ல உடம்பு உள்ளவரால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியும், நோஞ்சானால் சில நாள்தான். செலவு அதிகமாக இருப்பதே சமிக்ஞையை நேர்மையாக வைத்திருக்கிறது என்ற வாதத்தை இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி 1975இல் முன்வைத்தபோது பலர் அதை ஏற்கவில்லை. 1990இல் ஆலன் கிராஃபன் கணித மாதிரி கொண்டு அது சாத்தியமே என்று காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது.

சரி, உடலமைப்பும் தடுக்காத, செலவும் இல்லாத மிரட்டல் இருந்தால்? காகிதக் குளவியின் முகம் அப்படிப்பட்டது. ‘பொலிஸ்டஸ் டொமினுலா’ என்ற இனத்தில் பெண்களின் முகத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சில முகங்களில் ஒன்றுமில்லை, சிலவற்றில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சிதறல் கூடியவை பெரும்பாலும் கூட்டில் ஆதிக்கம் செலுத்துபவை. அந்நியக் குளவிகள் அந்த முகத்தைப் பார்த்ததுமே ஒதுங்குகின்றன. நான்கு புள்ளி கறுப்பு நிறமிக்கு என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது? எல்லாரும் புள்ளி வைத்துக்கொள்ளலாமே?

எலிசபெத் டிபெட்ஸும் ஜேம்ஸ் டேலும் 2004இல் அதைத்தான் செய்தார்கள். எளிய குளவிகளின் முகத்தில் சாயத்தால் புள்ளிகள் வைத்து, வேறு குளவிகளோடு விட்டார்கள். வேஷம் போட்டவற்றுக்குக் கிடைத்தது மரியாதை அல்ல, அடி. எதிராளிகள் அவற்றை விடாமல் தாக்கின. இது சாயத்தின் வாசனையால் வந்த கோபமாக இருக்கலாம் என்று நீங்கள் நினைத்தால், அவர்களும் அப்படி நினைத்தார்கள். ஆகவே வேறு சில குளவிகளுக்கு உருவம் மாறாமல் அதே சாயம் பூசி ஒப்பிட்டார்கள். டிபெட்ஸும் அமாண்டா இஸ்ஸோவும் 2010இல் இன்னும் ஒரு படி போனார்கள். சில குளவிகளுக்கு முகச்சாயம் மட்டும், சிலவற்றுக்கு ஆதிக்க குணத்தைத் தூண்டும் ஹார்மோன் மட்டும், சிலவற்றுக்கு இரண்டும். முகம் வீரம், உடம்பு கோழை என்றால் உதை. உடம்பு வீரம், முகம் சாது என்றாலும் எதிராளி அடங்கவில்லை, சண்டை நீண்டது. முகமும் உடம்பும் பொருந்தியவற்றுக்குத்தான் எதிராளிகள் பணிந்தன. இங்கே நேர்மையைக் காப்பது சமூகம். வேஷக்காரரை யாராவது ஒருவர் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சோதனை என்ற இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். உதார் எங்கே பிழைக்கிறது என்று கேட்டால் விடை அதில்தான் இருக்கிறது. சோதிப்பது ஆபத்தான இடத்தில் உதார் பிழைக்கும். பிடில் நண்டை எடுத்துக்கொள்வோம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஒற்றைப் பெரிய கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் சிறு நண்டு அது. சண்டையில் ஆண் தன் கொடுக்கை இழந்தால் புதிது முளைக்கும். முளைத்த கொடுக்கு பழையதைப் போலவே நீளமாக இருக்கும். ஆனால் எடை குறைவு, தசையும் குறைவு, கவ்வும் பலமில்லை. ‘உகா அன்யூலிபஸ்’ என்ற இனத்தை ஆராய்ந்த பட்ரீஷியா பேக்வெல்லின் குழு 2000இல் எழுதியபடி, மற்ற ஆண்களால் இந்தக் கொடுக்கைப் பார்வையில் பிரித்தறிய முடிவதில்லை. சில இடங்களில் ஆண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிப்பட்ட உதார் கொடுக்குக்காரர்கள்! அறிய வேண்டுமானால் மோதித்தான் பார்க்க வேண்டும். மோதும்போது அசல் கொடுக்காக இருந்து தொலைத்தால் என்ன செய்வது?

மாண்டிஸ் இறால் இன்னும் துணிச்சலானது. கும்பிடுபூச்சிபோல முன்கைகளை மடித்து வைத்திருக்கும் இது, அந்தக் கையால் விடும் குத்து நத்தை ஓட்டையே உடைக்கும். பவளப்பாறைப் பொந்துக்குள் வாழ்கிறது. பொந்துகளுக்குப் போட்டி அதிகம். வளரும்போது ஓட்டைக் கழற்றும். புது ஓடு இறுகும்வரை சில நாட்களுக்கு உடம்பெல்லாம் மெத்தென்றிருக்கும். குத்தவும் முடியாது, குத்து வாங்கவும் முடியாது. அந்த நேரத்தில் ஒருவர் பொந்தைப் பறிக்க வந்தால்? ராய் கால்டுவெல்லும் (ஒப்பிலக்கணக் கால்டுவெல் அல்ல, கலிஃபோர்னியாக்காரர்) அவருடைய சகாக்களும் 1980களில் பார்த்தது இது: ஓடு கழற்றிய இறால் பொந்து வாசலுக்கு வந்து, கைகளை அகல விரித்து மிரட்டுகிறது. கையில் சரக்கே இல்லை. வந்தவர் பல சமயம் நம்பிப் போய்விடுகிறார். நம்பாமல் முன்னேறினால் மிரட்டியவர் எடுக்கிறார் ஓட்டம். எந்த நேரத்திலும் ஓடு கழற்றியவர்கள் சிறுபான்மைதான், பெரும்பாலான மிரட்டல்களுக்குப் பின்னால் உண்மையான குத்து இருக்கிறது. அந்த நாணயத்தின்மேல் கடன் வாங்கித்தான் இந்தச் சிலர் பிழைக்கிறார்கள்.

சோதிக்க நேரமே இல்லாத இடத்திலும் உதார் பிழைக்கும். ஐரோப்பாவின் மயில்கண் வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடியிருக்கும்போது காய்ந்த சருகு போலிருக்கும். பறவை கிட்டே வந்தால் சட்டென்று விரிக்கும். நான்கு பெரிய கண்கள் முறைக்கும். கூடவே இறக்கை உரசும் சீறல். பூச்சியிடம் கொடுக்கும் இல்லை, நஞ்சும் இல்லை. ஸ்டாக்ஹோமில் ஆட்ரியன் வாலினும் சகாக்களும் 2005இல் சில பூச்சிகளின் கண் வடிவங்களை மை பூசி மறைத்து, சிலவற்றை அப்படியே விட்டு, நீலச் சிட்டு என்னும் சிறு பறவையோடு கூண்டில் விட்டார்கள். கண்ணோடு இருந்த 34 பூச்சிகளில் இறந்தது 1. கண் மறைக்கப்பட்ட 20இல் இறந்தவை 13. எதிரே இருப்பது ஆந்தையா பூச்சியா என்று நின்று யோசிக்கும் பறவை, ஆந்தையாக இருந்துவிட்டால் உயிரோடிருக்காது. பூச்சி சாப்பிடக் கிடைக்காவிட்டால் போவது ஒரு வாய்த் தீனிதான்.

மனிதரிடம் வந்தால் பட்டியல் நீளும், எல்லாவற்றையும் இங்கே அடைக்க முடியாது. சமீபத்திய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘டிஜிட்டல் கைது’. தொலைபேசியில் ஒரு குரல்: உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது. அல்லது, உங்கள் ஆதாரை வைத்துக் கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறார்கள். பிறகு வீடியோ அழைப்பு. சீருடை, பின்னால் காவல் நிலையம்போல ஓர் அறை. உங்களைக் கைது செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக் கூடாது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள் எல்லாரும் இதில் பணத்தை இழந்திருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் இதைப் பற்றியே எச்சரித்தார். புகார் செய்ய 1930 என்ற எண் இருக்கிறது.

இதில் ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் குளவியையும் வண்ணத்துப்பூச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மோசடிக்காரர்கள் போடும் நிபந்தனைகளைக் கவனியுங்கள். அழைப்பைத் துண்டிக்காதே. வீட்டில் யாருக்கும் சொல்லாதே. கதவைச் சாத்து. வண்ணத்துப்பூச்சி நொடியில் முடிப்பதை இவர்கள் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் நீட்டுகிறார்கள். நேரம் நிறையக் கொடுக்கிறார்கள், சோதிக்கும் வழியை மட்டும் அடைத்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, காவல் நிலையத்துக்கு ஒரு போன், இந்த இரண்டில் ஒன்று நடந்தாலும் சாயம் வெளுத்துவிடும். குளவிக் கூட்டில் வேஷக்காரரை ஊரே சோதிக்கிறது. இங்கே ஊரையே கழற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். பறவை ஆந்தைக்குப் பயப்படுவதில் தப்பில்லை, சீருடைக்கு நாம் பயப்படுவதும் பெரும்பாலான நாட்களில் நியாயமான கணக்குதான். மாண்டிஸ் இறாலைப் போல இவர்களும் அசல் சீருடைகளின் நாணயத்தின்மேல் கடன் வாங்குகிறார்கள்.

நம் சட்டம் மிரட்டலை வேறு கண்ணால் பார்க்கிறது. உயிரியலாளர் கேட்பது, மிரட்டியவரால் செய்ய முடியுமா என்று. சட்டம் கேட்பது, அச்சமூட்டும் நோக்கம் இருந்ததா, அல்லது செய்யத் தேவையில்லாததைச் செய்யவைக்கும் நோக்கமா என்று. மெத்தென்ற உடம்போடு கையை விரிக்கும் இறாலும் அந்தப் பார்வையில் குற்றவாளிதான். 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 503ஆம் பிரிவாக இருந்த குற்றமுறு மிரட்டல், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 351ஆம் பிரிவு. சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை, கொலை மிரட்டல் போன்றவற்றுக்கு 7 ஆண்டு வரை. பெயர் போடாத கடிதத்திலோ, தன் பெயரையும் இருப்பிடத்தையும் மறைத்துக்கொண்டோ மிரட்டினால் அதற்கென்று தனியாக இன்னும் 2 ஆண்டு வரை கூடும். கேட்பவர் சென்று விசாரித்துப் பார்க்கக்கூடிய ஒரே நூலையும் மிரட்டியவர் அறுத்துவிட்டார் என்பதற்குத்தான் இந்தக் கூடுதல் தண்டனை என்று நான் வாசிக்கிறேன்.